பொருள்: கேவிடேஷன், எம்பாலிசம் – தமிழில் இரு சொற்கள் தேவை

மடல் 1
குழுவினருக்கு வணக்கம். வறட்சியில் மரங்கள் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மண் காய்ந்ததும் மரம் இலைத்துளைகளை மூடுகிறது. ஆனாலும் புறத்தோல் வழியே நீர் கொஞ்சம் போய்க்கொண்டேயிருக்க, நீரை மேலேற்றும் குழல்திசுவான சைலத்தில் இழுவிசை ஏறுகிறது. ஓர் எல்லையில் குழலிலுள்ள நீர் திடீரென அறுகிறது: கேவிடேஷன். அந்தக் குழலில் முதலில் ஆவியும் பின்னர் காற்றும் நிறைந்து நீரோட்டம் நிற்கிறது: எம்பாலிசம். முன்னது நிகழ்வு, பின்னது நிலை. வரைவில் இரண்டுக்கும் 'குமிழாதல்' என்றே இருக்கிறது.

மடல் 2
ஐயா, குமிழுக்கு 'மொக்குள்' இருக்கிறதே! யாக்கை நிலையாமைக்கு நாலடியார் காட்டும் உவமையும் அதுதான். மொக்குளெழல், மொக்குளடைப்பு. மொக்கு, முகை, முகிழ் எல்லாமே உள்ளிருந்து விம்முவதைக் குறிப்பவை. ஒரே வேர் என்பேன்.

மடல் 3
அந்த உவமையே இடிக்கிறது, ஐயா. நாலடியார் மொக்குள் தோன்றிக் கெடுவது. மரத்தின் குமிழ் இழுவிசை நீடிக்கும்வரை விரிந்து குழலையே நிறைக்கும். பெரும்பாலும் அது நீருக்குள் எழுவதும் இல்லை; காற்றடைத்த அண்டைக் குழலிலிருந்து இரு குழல்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய குழிச்சவ்வின் நுண்துளை வழியாக இழுபட்டு வருகிறது. துளையின் விட்டம் 0.1 மைக்ரோமீட்டர் என்றால் ஏறத்தாழ 3 மெகாபாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் காற்று நுழைந்துவிடும். அறுதல்தான் கரு. 'நீரறல்' எனலாம்.

மடல் 4
அறல் என்றால் சங்க இலக்கியத்தில் ஆற்றுமணலின் வரிவரியான படிவு, கூந்தலுக்கு உவமை. 'நீரறுகை' என்றாலோ அறுகம்புல் வந்து நிற்கும். 'நீரறுதல்' பிழையற்றது. கேவிடேஷன் என்றே எழுதினால் மாணவருக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது.

மடல் 5
எந்தச் சொல்லானாலும் இரண்டும் வேறாக இருக்கட்டும், செய்முறைக்கு அது அவசியம். அறுதலை மீயொலி உணரி கேட்கிறது. அடைப்பை அளக்க, கிளைத்துண்டில் குறைந்த அழுத்தத்தில் நீர் கடத்துதிறன் பார்க்கிறோம். பிறகு வடிகட்டிய, காற்று நீக்கிய நீரை மிகு அழுத்தத்தில் செலுத்திக் குமிழ்களை விரட்டி மறுபடி பார்க்கிறோம். முதலில் 4, பிறகு 10 என்றால் இழப்பு 60 விழுக்காடு. இழுவிசையைத் தளர்த்தாமல் வெட்டினால், நீருக்குள் வெட்டினாலும் புதுக்காற்று புகலாம். இழப்பு மிகையாகத் தெரியும்.

மடல் 1-க்காரர், மீண்டும்
நேரமில்லை. 'நீர்முறிவு', 'வளியடைப்பு' என்று நால்வர் ஒப்பியிருக்கிறார்கள், அப்படியே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ஒலிபெயர்ப்பும் வரும்.

மடல் 4-க்காரர்
வளியடைப்புக்கு உடன்படுகிறேன். மரத்தைப் பற்றிய பாடத்தில் முறிவு என்றால் கிளை முறிந்ததாகவே படிப்பார்கள். நீர் முறியாது, அறும். என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.