நிப்பா என்று தேடினால் கேரளாவும் பங்களாதேஷும்தான் வருகின்றன. 1998-99 மலேசியக் கட்டுரைகளை எங்கே பிடிப்பது?

செம்பனைக்காரி:

வணக்கம். நுண்ணுயிரியல் டிப்ளோமா கடைசி செமஸ்டர் படிக்கிறேன். இப்போது லீவு, சுங்கை சிப்புட்டில் வீட்டில் இருக்கிறேன். டவுனைத் தாண்டித் தோட்டத்துப் பக்கம். வைஃபை கிடையாது, போன் டேட்டாதான்.

அசைன்மென்ட் தலைப்பு: 1998-99இல் பேரா மாநிலத்தில் தொடங்கிய நிப்பா வைரஸ் பரவலை ஆரம்பத்தில் ஏன் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டார்கள்? விரிவுரையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்திலேயே எழுதிய கட்டுரைகள் வேண்டுமாம். பின்னாளில் யாராவது தொகுத்ததை மட்டும் வைத்து ஒப்பேற்றக் கூடாதாம்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எப்படித் தேடினாலும் 2018 கோழிக்கோடு, இல்லாவிட்டால் பங்களாதேஷ் என்று வந்து நிற்கிறது. தப்பித் தவறிப் பழைய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டால், திறக்க டாலரில் காசு கேட்கிறது. வீட்டிலிருந்தே கல்லூரி நூலகத்துக்குள் நுழையும் வசதி இருக்கிறது என்றார்கள். பாஸ்வேர்ட் போட்டால் சுற்றிச் சுற்றி அதே லாகின் பக்கத்துக்கே வருகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

தைப்பிங்_மழை:

கூகிளை விட்டுவிட்டு, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டுக்குப் போ. இடது பக்கம் ஆண்டு வடிகட்டி இருக்கும், 1998 முதல் 2001 வரை வை. கேரளா தானாகக் காணாமல் போய்விடும்.

நூலக_அக்கா:

தங்கச்சி, நான் வேறொரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். லாகின் கதையை முதலில் முடித்துவிடுவோம்.

கட்டுரையின் பக்கத்துக்கு நேராகப் போய் அங்கே பாஸ்வேர்ட் போடுகிறாயா? அப்படிப் போனால் நீ எந்தக் கல்லூரி என்று அந்தப் பதிப்பகத்துக்குத் தெரியாது. எப்போதும் உன் கல்லூரி நூலகத்தின் பக்கத்தில் தொடங்கு. அங்கே தரவுத்தளங்களின் பட்டியல் இருக்கும். அதை அழுத்தி, கேட்கும் இடத்தில் மாணவர் எண்ணைக் கொடுத்து, அதன் வழியாகவே உள்ளே போ. போன் பிரவுசரில் குக்கீயைத் தடுத்து வைத்திருந்தாலும் இப்படித்தான் லாகின் பக்கத்திலேயே சுற்றும். செட்டிங்ஸில் போய்த் தடையை எடுத்துவிட்டு மறுபடி பார். அதற்கும் மசியாவிட்டால் கணக்கே காலாவதி ஆகியிருக்கலாம். கடைசி செமஸ்டர் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும்.

இன்னொன்று, பப்மெட் வேறு, பப்மெட் சென்ட்ரல் வேறு. பப்மெட்டில் பெரும்பாலும் சுருக்கம்தான் கிடைக்கும். முழுக் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருப்பது பப்மெட் சென்ட்ரல், 2000ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. பப்மெட்டில் ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’ என்ற பெட்டியைத் தட்டினால் இலவசமாகப் படிக்கக்கூடியவை மட்டும் நிற்கும். ஆனால் பட்டியல் எடுக்கும்போதே அதைத் தட்டாதே. முதலில் என்னென்ன கட்டுரைகள் இருக்கின்றன என்று முழுசாகப் பார், எப்படித் திறப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையில் சும்மா கிடைத்ததை மட்டும் வைத்து எழுதிய அசைன்மென்ட்டைப் படித்தால் உடனே தெரிந்துவிடும்.

கோப்பி_ஓ:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? காசு கேட்கும் கட்டுரையைச் சும்மா திறந்து கொடுக்கும் தளங்கள் இருக்கின்றன. பிஎம் பண்ணு, பேர் சொல்கிறேன்.

நூலக_அக்கா:

அந்தப் பேச்சு இங்கே வேண்டாம் தம்பி. இவர் கேட்கிற கட்டுரைகளில் நிறைய சட்டப்படியே இலவசம். மீதிக்குக் கல்லூரி ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கும்.

செம்பனைக்காரி:

நன்றி அக்கா. குக்கீதான் பிரச்சினை, நூலகப் பக்கத்தின் வழியாகப் போனதும் திறந்துவிட்டது!

தைப்பிங் அண்ணா, ஆண்டு வடிகட்டி வைத்தேன். கேரளா போய்விட்டது. ஆனால் இப்போது வேறு சந்தேகம். நோய் தொடங்கியது 1998 செப்டம்பரில் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். என் பட்டியலில் 1998க்கு ஒன்றுமே இல்லை. 1999இன் முதல் மாதங்களுக்கும் ஒன்றுமில்லை. அப்போது யாருமே எழுதவில்லையா?

பழைய_லேப்காரர்:

எழுதினார்கள். நீ தேடுகிற பெயரில் எழுதவில்லை, அவ்வளவுதான். நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அந்தக் காலம் நன்றாகவே நினைவிருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பன்றியும் கொசுவும் இருக்கிற இடத்தில் மூளைக்காய்ச்சல் என்றால் எந்த டாக்டருக்கும் முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். அந்த வைரஸ் பன்றியின் உடம்பில் பெருகும், கியூலெக்ஸ் கொசு அதை மனிதருக்குக் கொண்டுவரும். சில நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருளும் தென்பட்டது. சந்தேகம் உறுதியானது போல ஆகிவிட்டது. கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பன்றிகளை இடம் மாற்றியதில் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கும் போய்விட்டது.

ஆக, 1998 கடைசியிலும் 1999 தொடக்கத்திலும் நடந்ததைப் பற்றிய எழுத்து ‘ஜாப்பனீஸ் என்செபலைட்டிஸ்’ என்ற பெயரில்தான் இருக்கும். அதோடு ‘மலேசியா’வையும் சேர்த்துத் தேடு.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். அதை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது, 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் ஆட்களையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. கொஞ்ச காலம் இதற்குப் பெயரே ‘ஹெண்ட்ரா-லைக் வைரஸ்’தான். நோயாளியின் ஊரான கம்போங் சுங்கை நிப்பாவை வைத்து நிப்பா என்று அழைத்தது அதற்கப்புறம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? சிடிசியின் வார அறிக்கையான எம்எம்டபிள்யூஆரைத் திற. 1999 ஏப்ரல் 9 இதழில் தலைப்பு ஹெண்ட்ரா-லைக் வைரஸ் என்று இருக்கும். ஏப்ரல் 30 இதழில் அதே பரவலுக்கு நிப்பா வைரஸ் என்று இருக்கும். நீ நிப்பா என்று மட்டும் தேடினால் முதலாவது தலைப்பு உன் கண்ணில் படாமலே போகும். இரண்டும் சிடிசி தளத்தில் முழுசாக இலவசம்.

கால்நடை மருத்துவர்கள் தனிப் பெயர் வைத்திருந்தார்கள். நோய் வந்த பன்றி பலமாக, குரைப்பது போல இருமும். அதனால் ‘பார்க்கிங் பிக் சிண்ட்ரோம்’ என்றார்கள். பன்றிகளின் பக்கத்தை எழுதப் போகிறாய் என்றால் இந்தச் சொல் இல்லாமல் தேடாதே. ஹெண்ட்ராவுக்கே முதலில் ‘ஈக்வைன் மார்பில்லிவைரஸ்’ என்றுதான் பெயர். 1995 வாக்கில் வந்தவற்றுக்கு அதைப் போடு.

நூலக_அக்கா:

ஐயா சொன்னதை அப்படியே பப்மெட்டில் போடும் முறை: ஒவ்வொரு பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இங்கிலீஷில் அடி. நடுவில் பெரிய எழுத்தில் ‘ஆர்’ போடு. எல்லாப் பெயர்களையும் ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்து, வெளியே ‘அண்ட்’ போட்டு மலேசியாவைச் சேர். சிங்கப்பூரையும் மலேசியாவோடு ‘ஆர்’ போட்டு வை. 1999 மார்ச்சில் அங்கே அறுப்புக் கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். அந்தக் கட்டுரைகளிலும் மலேசியப் பன்றிகளைப் பற்றித்தான் பேச்சு.

மெஷ் என்று ஒன்று உண்டு. எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் பப்மெட்காரர்கள் ஒரு பொதுத் தலைப்பின் கீழ் அடுக்கி வைப்பார்கள். நிப்பாவுக்கும் தலைப்பு இருக்கிறது, ஆனால் பழையவை அதற்குள் வந்திருக்கும் என்று நம்பிவிடாதே. ‘பாராமிக்ஸோவிரிடே இன்ஃபெக்‌ஷன்ஸ்’ என்ற பெரிய தலைப்பையும் போட்டுப் பார்.

தைப்பிங்_மழை:

இதெல்லாம் டிப்ளோமாவுக்குக் கொஞ்சம் அதிகம் இல்லையா? மலேசியன் ஜர்னல் ஆஃப் பாத்தாலஜியில் சுவா காவ் பிங்கே 2010இல் நிப்பா பரவல் பற்றித் தொகுத்து எழுதியிருக்கிறார். இலவசம். அதைப் படித்தாலே முழுக் கதையும் கிடைத்துவிடுமே.

பழைய_லேப்காரர்:

நல்ல கட்டுரைதான். முதலில் அதைப் படிக்கட்டும், ஆனால் அதோடு நிற்கக் கூடாது. வைரஸ் பிடிபட்ட பிறகு எழுதுகிறவருக்கு முடிவு தெரியும். முடிவு தெரியாமல் தவித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதுதானே இந்தப் பெண்ணின் தலைப்பு? அந்தக் கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பின்னால் போகச் சொல். எனக்குத் தெரிந்து தேடுபொறியைவிட இதுதான் வேகமான வழி.

கட்டாயம் பார்க்க வேண்டியவை சில. தி லான்செட் 1999இல் வந்த சுவா குழுவின் கட்டுரை. சயின்ஸ் 2000 மே இதழில் வைரஸைப் பற்றிய கட்டுரை. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2000இல் வந்த நோயாளிகள் பற்றியது, 94 பேரை வைத்து எழுதியது. அதில் 93 சதவீதம் பேர் பன்றிகளோடு நேரடியாகப் பழகியவர்கள், சராசரி வயது 37. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றால் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே பண்ணையில் வேலை செய்த பெரிய ஆட்கள். உன் தலைப்புக்கு இந்த ஓர் இடமே பாதி பதில். தி ஜர்னல் ஆஃப் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் 2000இல் யாருக்கு ஆபத்து அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வையும் விட்டுவிடாதே.

மாமரத்தில் வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது என்ற கதையை எல்லாரும் எழுதுவார்கள். முதல் பண்ணையின் கணக்குகளை வைத்து அதை அலசிய கட்டுரை ஜர்னல் ஆஃப் தி ராயல் சொசைட்டி இன்டர்ஃபேஸில் வந்தது 2012இல்தான். பப்மெட் சென்ட்ரலில் இருக்கிறது. படி, ஆனால் 1999இல் எல்லாருக்கும் தெரிந்திருந்தது போல எழுதிவிடாதே.

செம்பனைக்காரி:

ஐயா, ரொம்ப நன்றி! ஹெண்ட்ரா-லைக் என்று போட்டதும் கடிதங்கள், குறிப்புகள் என்று வரிசையாக வருகின்றன. நியூ இங்கிலாந்து ஜர்னலும் இலவசக் கணக்கு தொடங்கியதும் திறந்துவிட்டது. ஒன்றிரண்டு மட்டும் எங்கள் கல்லூரிச் சந்தாவிலேயே இல்லை. அவற்றுக்கு என்ன செய்வது? அப்புறம், அப்போது ஊர் மக்கள் எப்படிப் பயந்தார்கள் என்று ஒரு பத்தி எழுத ஆசை. பேப்பர் செய்தி எங்கே கிடைக்கும்?

நூலக_அக்கா:

சந்தாவில் இல்லாததற்கு மூன்று வழி. ஒன்று, கூகிள் ஸ்காலரில் தலைப்பை அடித்து, கீழே ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்பதை அழுத்து. எழுதியவரின் பல்கலைக்கழகம் எங்காவது ஒரு பிரதி போட்டு வைத்திருக்கும். லேப்டாப் கிடைத்தால் அன்பேவால் என்ற சின்ன நீட்சியைப் போட்டுக்கொள், சட்டப்படி இலவசப் பிரதி இருந்தால் பக்க ஓரத்தில் பச்சைப் பூட்டு காட்டும். போன் குரோமில் அது ஓடாது. இரண்டு, உன் கல்லூரி நூலகருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, வேறு நூலகத்திலிருந்து வாங்கித் தர முடியுமா என்று கேள். தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் எழுது. ‘நிப்பா பற்றி ஏதாவது இருக்கிறதா மேடம்’ என்று கேட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு வாரம் தவறாமல் அப்படி ஒன்று வரும். மூன்று, எழுதியவருக்கே நேராக எழுது. பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்பி வைப்பார்கள்.

பேப்பருக்குக் கோலாலம்பூரில் தேசிய நூலகம்தான் சரியான இடம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அச்சாகும் எல்லாவற்றிலும் அவர்களுக்குப் பிரதி போக வேண்டும். தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது, ஆனால் 1999இல் வந்துகொண்டிருந்தது. போவதற்கு முன்னால் எந்த மாத இதழ்கள் வேண்டும் என்று எழுதிக் கேட்டுக்கொள். சுங்கை சிப்புட்டிலிருந்து அவ்வளவு தூரம் போய்க் கையை வீசிக்கொண்டு திரும்பக் கூடாது. ஈப்போ துன் ரசாக் நூலகம் உனக்குப் பக்கம், அங்கே முதலில் போன் போட்டுக் கேள்.

கோப்பி_ஓ:

சும்மா இல்லை, எனக்கும் ஒன்று தெரியும். வைரஸின் மரபணு வரிசை வேண்டுமென்றால் ஜென்பேங்க் என்ற தரவுத்தளத்தில் இலவசம். மலேசிய நிப்பா 18,246 எழுத்து, பங்களாதேஷ் நிப்பா 18,252. போன செமஸ்டர் எங்களைத் தேட வைத்தார்கள்.

பழைய_லேப்காரர்:

பார், தம்பிக்கும் விஷயம் தெரிகிறது. கட்டுரைகளில் மலேசிய வகையை ‘என்ஐவி-எம்’ என்றும் பங்களாதேஷ் வகையை ‘என்ஐவி-பி’ என்றும் சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். புதிய கட்டுரையிலிருந்து எதையாவது எடுத்தால் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்து எடு. பங்களாதேஷில் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது, பேரீச்சை மரத்தில் இறக்கிய பச்சைச் சாறு வழியாக வந்தது. அதை நம் பன்றிப் பண்ணைக்குள் கொண்டுவந்து கலக்காதே. இங்கே 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள்.

செம்பனைக்காரி:

சரி ஐயா, கலக்க மாட்டேன். கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எம்எம்டபிள்யூஆர் அறிக்கையில் எழுதியவர் பெயர் மேலே இல்லை. மேற்கோள் பட்டியலில் எப்படிப் போடுவது?

நூலக_அக்கா:

எழுதியவர் இடத்தில் நிறுவனத்தின், அதாவது சிடிசியின், முழுப் பெயரைப் போடு: சென்டர்ஸ் ஃபார் டிசீஸ் கண்ட்ரோல் அண்ட் பிரிவென்ஷன். பிறகு ஆண்டு 1999, தலைப்பு, தொகுதி 48, பக்கம் 265 முதல் 269. இது ஏப்ரல் 9 இதழுக்கு. தலைப்பில் ஹெண்ட்ரா-லைக் என்று இருப்பதை அப்படியே விடு, நிப்பா என்று மாற்றிவிடாதே.