டார்க் சோல்ஸ் 2: உயிர்க்கோடு பாதியாப் போச்சு, உருண்டாலும் அடி விழுது. உதவுங்கோ

உவர்மலைப் பொடியன்:
முதல் டார்க் சோல்ஸ் கேமை ரெண்டு தரம் முடிச்சனான். அந்தத் துணிவில ரெண்டாவதைத் தொடங்கி ஒரு கிழமை. ஹெய்டே கோபுரத்தைத் தாண்ட ஏலாமல் நிக்கிறன். செத்துச் செத்து வர உயிர்க்கோடு சுருங்கி இப்ப சரிபாதி. இளைப்பாறுற நெருப்படியில இருந்தாலும் நிரம்புதில்லை. நேரம் பாத்து உருண்டாலும் வாள் என்னைப் பிடிக்குது. இத்தனைக்கும் கவசத்தையெல்லாம் கழட்டிப் பாரத்தைத் தாங்கக்கூடியதில 25 வீதத்துக்குள்ளதான் வச்சிருக்கிறன். என்ர வாளும் அடுத்த நெருப்படிக்குப் போகமுதல் உடைஞ்சுபோகுது. அண்ணா 2014 இல வாங்கின கொம்பியூட்டர் பதிப்பு, இதுவரை அப்டேட் போடேல்ல. புதுசாத் தொடங்கட்டோ?

நிலாவெளி அக்கா:
புதுசாத் தொடங்காதேங்கோ தம்பி. உங்களிட்ட பிழையில்லை, முதல் கேமில பழகின கைதான் இங்க தடுக்குது.

25 வீதக் கணக்கு முதலாவதுக்குத்தான். இதில 70 வீதத்துக்குள்ள இருந்தால் உருளல் ஒழுங்கா வரும். பாரம் குறைஞ்சால் கூடத் தூரம் உருளுவீங்கள், அவ்வளவுதான். கவசத்தைத் திரும்பப் போடுங்கோ.

உருளும்போது அடிபடாத அந்த இமைப்பொழுது இங்க எஜிலிட்டி எண்ட இலக்கத்தில தங்கியிருக்கு. அது லெவல் ஏத்தேக்க எடப்டபிலிட்டி எண்ட திறனை ஏத்த ஏத்தக் கூடும், அட்யூன்மென்ட் எண்ட திறனும் கொஞ்சம் கூட்டும். முதலாவதில இப்பிடி ஒண்டு இல்லை. அதாலதான் கன பேர் எதிரியை வீழ்த்திச் சேர்க்கிற சோல்ஸைப் பலத்தில மட்டும் கொட்டிப்போட்டு, கேம் சரியில்லை எண்டு விட்டிட்டுப் போறாங்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம். இலக்கம் 100ஐத் தாண்டட்டும், உங்கட கையே சொல்லும். உயிர் நிரப்புற எஸ்டஸ் குடிக்கிற வேகமும் கூடும். நெருப்படியில லெவல் ஏத்த ஏலாது, மஜூலா எண்ட ஊரில நிக்கிற பச்சை உடுப்புப் பெண்ணிட்டத்தான் போகவேணும். எந்த நெருப்படியில இருந்தும் மஜூலாவுக்குத் தாவலாம், முதலாவது மாதிரிப் பாதிக் கேம் காத்திருக்கத் தேவையில்லை. அங்க போனால் கொஞ்சம் நில்லுங்கோ. பொழுது சாயேக்க உவர்மலையில நிண்டு உள்துறைமுகத்தைப் பாக்கிற அதே வெளிச்சம்.

உயிர்க்கோட்டுக்கு மனிதப் பொம்மை ஒண்டைப் பாவிச்சால் முழுசா வரும். ஆனால் பொம்மை கிடைக்கிறது அருமை. ஹெய்டேயிலயே ஒரு பெட்டிக்குள்ள ரிங் ஒஃப் பைன்டிங் எண்ட மோதிரம் கிடக்கு. அதைப் போட்டால் எத்தனை தரம் செத்தாலும் முக்கால்வாசிக்குக் கீழ இறங்காது.

கிண்ணியாக்காரன்:
வாள் உடையிறதுக்குக் காரணம் வேற மச்சான். அந்தப் பழைய பதிப்பில ஆயுதத் தேய்மானம் பிரேம் வேகத்தோட, அதாவது செக்கனுக்கு எத்தனை படம் ஓடுதுங்கிறதோட, பிணைஞ்சிருந்த. 60 பிரேமில ஓடினா, 30இல தேயிறதைப் போல ரெண்டு மடங்கு தேயும். 2015 இல அப்டேட்டில திருத்தினாங்க. அதைப் போடும் வரைக்கும் 30இல பூட்டி விளையாடுங்க. செத்த உடம்பில வாளை வீசாதீங்க, அதுக்கும் தேயும். முழுசா உடையமுதல் நெருப்படியில இருந்தா தானாச் சரியாகும். உடைஞ்சா மஜூலாக் கொல்லன்தான். அவர்ட கதவுச் சாவி கடைக்கார மெலென்ரியாக் கிழவிட்ட 1000 சோல்ஸ்.

சாம்பல்தீவு:
என்னைக் கேட்டால் புதுசாத் தொடங்கிறது நல்லம். பிழையா ஏத்தின லெவலோட இழுபடத் தேவையில்லை.

நிலாவெளி அக்கா:
இல்லைத் தம்பி, ஒரு கிழமை உழைப்பு அது. ஒரே எதிரியை ஒரு டசின் தரம் அளவில சாகடிச்சால் பிறகு அவன் வரவே மாட்டான். பாதை தானா வெளிக்கும், அந்தச் சோல்ஸிலயே எடப்டபிலிட்டியை ஏத்தலாம்.

உவர்மலைப் பொடியன்:
மாமா வீட்டு லைனில விடிய விடியப் போட்டு அப்டேட் முடிச்சிட்டன். வாள் இப்ப நிண்டுபிடிக்குது. மோதிரமும் எடுத்தாச்சு, எஜிலிட்டி 98. நேற்று அந்தப் பெரிய வாள்காரன்ர அடிக்குள்ளால உருண்டு வெளிய வந்தன் அக்கா, கை நடுங்கினது! பொம்மை ரெண்டு மிச்சம். டிராகன் ரைடர் எண்ட பெரிய எதிரிக்கு ஒண்டைப் பாவிக்கட்டோ?

நிலாவெளி அக்கா:
வேண்டாம், வையுங்கோ. அவரிட்டப் போகமுதல் வழியில நிக்கிற நெம்புகோல்களை இழுங்கோ, சண்டை மேடை அகலமாகும். இல்லாட்டி உருண்டு தண்ணிக்குள்ளதான் விழுவீங்கள்.