வயோலா பீச் ஆல்பம் சிடி: மான்செஸ்டர், லிவர்பூல் பக்கம் இருப்பவர்கள் உதவுங்களேன்

நண்பர்களே, வயோலா பீச் என்ற இங்கிலாந்து ராக் இசைக் குழுவின் ஒரே ஆல்பம் சிடியாக வேண்டும். பழசானாலும் பரவாயில்லை.

வாரிங்டன் என்ற ஊர்ப் பையன்கள் நாலு பேர். பெரிய இசை கம்பெனி எதுவும் ஒப்பந்தம் போடாமலேயே 2015ல் ரெடிங், லீட்ஸ் இசை விழாக்களில், புதுக் குழுக்களுக்கான பிபிசி இன்ட்ரட்யூசிங் மேடை ஏறினார்கள். 2016 பிப்ரவரி 13 அதிகாலை, சுவீடனில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது, கப்பலுக்காகத் திறந்திருந்த பாலத்திலிருந்து கார் கால்வாயில் விழுந்தது. நாலு பேரும் மேனேஜரும் போய்விட்டார்கள்.

அந்த ஜூனில் கிளாஸ்டன்பரி இசை விழாவில் கோல்ட்ப்ளே என்ற பிரபல ராக் குழு செய்ததை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. பெரிய திரையில் இந்தப் பையன்கள் பாடுவது ஓட, அதோடு சேர்ந்து இவர்களுடைய ‘பாய்ஸ் தட் சிங்’ பாட்டை வாசித்தார்கள். ஆகஸ்டில் ஆல்பம் பிரிட்டனில் முதலிடம்.

கிதார் பழகும் என் மகள் அந்தப் பாட்டையே விரல் சிவக்கச் சிவக்க வாசிக்கிறாள். அவள் பிறந்தநாளுக்குத்தான் கேட்கிறேன். பழைய சிடி கடைக்குப் போனால் ‘வி’ வரிசையில் ஒரு கண் போடுங்கள். டப்பா உடைந்திருந்தாலும் சரி, தட்டில் கீறல் இல்லாமல் இருந்தால் போதும். தபால் செலவோடு பணம் அனுப்பிவிடுகிறேன். சென்னை வருகிறவர்கள் யாராவது கொண்டுவந்தால் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.