மேல் அறைக்கு எந்த ஏசி? அம்மாவுக்கு முட்டும் இருக்கிறது

கொக்குவிலான்:
யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் மாடியில் 10க்கு 12 அடி அறை, தலைக்கு மேல் வெறும் கொங்கிறீற் பிளேற் (தட்டைத் தளம்). சித்திரை, வைகாசியில் இரவு பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடுகிறது, ஃபான் போட்டால் அந்தச் சூட்டையே முகத்தில் அடிக்கிறது. அம்மா அங்கேதான் படுக்கிறா, அவவுக்கு முட்டு (ஆஸ்துமா). கனடாவில் இருக்கிற அத்தான், சூடும் குளிரும் தந்து காற்றையும் சுத்தமாக்குகிற ஏசியாக ஒன்றையே வாங்கு என்கிறார். கடையில் 18000 பி.ரி.யூ. (குளிராக்கும் திறனின் அளவு) எடுக்கச் சொல்கிறார்கள். தண்ணீர் ஊற்றுகிற கூலர் மலிவு, அது சரிவருமா?

சோளகம்:
கூலரை விடுங்கோ தம்பி. அது தண்ணீர் ஆவியாவதால் குளிர்விப்பது, எங்கள் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் அறை புழுங்குமே தவிரக் குளிராது. 18000 என்றால் ஒன்றரை ரொன், உங்கள் அறைக்கு அதிகம். பெரிய ஏசி சட்டென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரம் இராது, பிறகு உடம்பு சில்லென்று பிசுபிசுக்கும். பிளேற்றில் வெயில் படுவதால் 12000 பி.ரி.யூ. இன்வேர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை) எடுங்கோ, 26 பாகையில் விட்டு ஃபானையும் மெதுவாகப் போடுங்கோ. மின் அலகு கூடக்கூட மின்கட்டணமும் படியேறும் என்பதை மறக்கவேண்டாம்.

குருநகர் அக்கா:
வாங்க முதல் பிளேற்றுக்கு வெள்ளை அடியுங்கோ, முடிந்தால் மேலே ஒரு கூரை போடுங்கோ, நாங்கள் ஒரு வருசம் கிடுகு (பின்னிய தென்னோலை) பரப்பியே வித்தியாசத்தைப் பார்த்தோம். அப்புறம் உப்புக்காற்று. எங்கள் வெளிப்பெட்டியைக் கடல் பார்த்த சுவரில் பூட்டிவிட்டுப் போனான் ஒரு பெடியன், மூன்றாம் வருசம் பின்பக்கத் தகடுகள் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. கொக்குவிலில் அவ்வளவு இராது, என்றாலும் அரிப்புத் தடுக்கும் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கோ, மாதம் ஒருக்கால் நல்ல தண்ணீரால் கழுவுங்கோ. சூடாக்குகிற ஏசி எதுக்கு? மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை காணும்.

வாடைக்காரன்:
ஏசி காற்றைச் சுத்தமாக்கும் என்பதை நம்பவேண்டாம். உள்ளே இருக்கிற வலை தும்பையும் பெரிய தூசியையும்தான் பிடிக்கும், நெஞ்சுக்குள் இறங்குகிற நுண்தூசி அதனூடாகப் போய்விடும். வாடைக் காற்று தொடங்கினால் வடக்கே இந்தியப் பக்கமிருந்து தூசி வருகிறது, 2022 டிசம்பரில் காற்று மோசமென்று பள்ளிக்கூடங்களுக்கு ஒரு நாள் லீவு விட்டது நினைவிருக்கும். அந்த மாதங்களுக்கு நுண்தூசியையும் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி உள்ள தனிச் சுத்திகரிப்பான் தேவை, உங்கள் அறைக்கு மணிக்கு 160 கன மீற்றர் சுத்தமான காற்றுத் தருவது போதும். ஓசோன் விடுகிற வகை வேண்டவே வேண்டாம், முட்டுக்காரருக்கு அது இன்னும் கேடு. மாற்று வடிகட்டி இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கோ. அயலில் குப்பை கொளுத்தும்போது யன்னலையும் பூட்டுங்கோ.

கொக்குவிலான்:
நன்றி. இந்தக் கிழமை வெள்ளை அடிக்கிறேன். அக்கா, கிடுகு காற்றுக்குப் பறக்காமல் எதால் கட்டினீங்கள்?

குருநகர் அக்கா:
பழைய மீன்வலையை மேலே விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தோம். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) ஊதத் தொடங்க முதல் கிடுகை இறக்கிவிடுங்கோ.