உறைந்த டீசல்: குளிர் நாட்டில் வண்டி ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

மண்டபம் டிரைவர்:
ஆப்பிள் ஏற்ற ஸ்ரீநகர் போகும்போது, வழியில் காஷ்மீரின் காசிகுண்டில் ரோட்டை அடைத்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க வண்டி நின்றது. காலையில் செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்தது, வெள்ளைப் புகை தள்ளியது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிட்டது. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கிறது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளைக் கூழ். வழித்தால் விரலில் மெழுகாக ஒட்டுகிறது. எல்லாம் மகாராஷ்டிராவில் நிரப்பிய டீசல், அதில் இருக்கும் மெழுகு இந்தக் குளிரில் உறைந்துவிட்டது. பக்கத்து வண்டிக்காரர் தகரத்தட்டில் தணல் அள்ளி வந்து டேங்குக்கு அடியில் தள்ளினார். கிளீனர் பையனைத் தூரமாகப் போகச் சொல்லிவிட்டேன். டீசல் இளகி வண்டி கிளம்பியது. இன்னும் அந்தத் தணல்தான் கண்ணில் நிற்கிறது.

தொண்டி, இப்போது கனடா:
அண்ணே, உங்களுக்கு எஞ்சின் பிடிக்கவாவது செய்தது. ஆல்பர்ட்டாவில் மைனஸ் 30. முந்தின டிரைவர், நிற்கும் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரின் வயரைக் கரண்டில் சொருகாமல் போய்விட்டார். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தக் குளிரில் பேட்டரிக்குப் பாதி பலம்கூட இருக்காது, ஆயிலும் கெட்டியாகிவிடும். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அமுக்கிய காற்றின் சூட்டில்தான் பற்ற வேண்டும். ஜில்லிட்ட இரும்பு அந்தச் சூட்டையும் குடித்துவிடும்.

ஏர்வாடி:
தணல் கதையைப் படித்துவிட்டு யாரும் அதைச் செய்யாதீர்கள். எனக்கு காஷ்மீரின் சோன்மார்க்கில் ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா கரைசல்) உறைந்தது, மைனஸ் 11-இல் அது கட்டியாகிவிடும். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் சூடேறியதும் இளகியது. வடக்கே போகிறவர்கள் கேளுங்கள்: டேங்கைக் காலியாக்கிக்கொண்டு ஏறி, அந்த ஊர் பங்க்கில் நிரப்புங்கள். லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33-இலும் ஓடும். மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியில் வழவழப்பு போதாமல் பம்ப்பும் இன்ஜெக்டரும் தேய்ந்துபோகும். ராத்திரி ஏர் பிரேக்குக்கான காற்று டேங்கில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிடுங்கள், உறைந்தால் பிரேக் லைன் அடைக்கும். அப்புறம், மாற்று ஃபில்டர் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

மண்டபம் டிரைவர்:
தம்பி, மற்றதெல்லாம் சரி. டேங்கைக் காலியாக்கிக்கொண்டு ஏறச் சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடுவில் ரோடு அடைத்தால் எஞ்சினை ஓடவிட்டுச் சூடு காயக்கூட டீசல் இருக்காது. மலை ஏறும் முன் ஜம்மு பக்கம் உதம்பூரிலேயே நிரப்பிவிட வேண்டும்.