லாஸ் ஏஞ்சலஸ் மாநகருக்கு வெறும் 15 கவுன்சிலர்களா?

சாட்ஸ்வர்த் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். மகன் லாஸ் ஏஞ்சலஸில் விசாவில் வேலை பார்க்கிறான். நேற்று போனில் பேசும்போது, அந்த ஊர் நகரமன்றத்தில் மொத்தமே 15 பேர்தான் என்றான். நான் நம்பவில்லை. நம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் மாநகர மன்றத்தில் 222 பேர் இருக்கிறார்கள். மக்கள்தொகையோ இரண்டு ஊரிலும் ஏறத்தாழ 40 லட்சம். போதாததற்கு வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காதாம். நமக்கு வார்டு உறுப்பினருக்கு ஒரு வாக்குச்சீட்டு, கட்சிக்கு ஒரு வாக்குச்சீட்டு. அங்கே எதைப் பார்த்துப் போடுகிறார்கள்? அப்புறம் இன்னொன்று. குடியுரிமை இல்லாத என் மகன் தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் அவன் யாரிடம் போய் நிற்பான்?

டோங்காட் தாத்தா:
பையன் சொன்னது சரிதான், டீச்சர். 2020 பிப்ரவரியில் பேரன் பிறந்ததைப் பார்க்க ஒரு மாதம் என்று சொல்லிப் போனவன் நான். மார்ச் கடைசியில் இங்கே ஊரடங்கு. அப்புறம் விமானம் விட்டபோதும் கொரோனாவுக்குப் பயந்து மகள் அனுப்பவில்லை. நவம்பர் வரை சில்வர் லேக்கில் மகளின் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிடந்தேன். அதில் ஒரு லாபம், அந்த ஊர்த் தேர்தல் ஒன்றை முழுசாகப் பார்த்துவிட்டேன்.

மகள் வீடு 4ஆம் தொகுதி. அங்கே நின்ற நித்யா ராமன் கேரளத்தில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே அமெரிக்கா போனவர். நகரத் திட்டமிடல் படித்தவர். நடுவில் சென்னைக்கு வந்து, எந்தக் குடிசைப் பகுதியில் பொதுக் கழிப்பறை இருக்கிறது, எங்கே இல்லை என்று வரைபடம் போடும் வேலை பார்த்திருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பெண் மேல் மரியாதை வந்துவிட்டது. மேடை ஏறிப் பேச ஆயிரம் பேர் வருவார்கள், கக்கூஸ் எண்ண யார் வருவார்கள்?

எதிரே பதவியில் இருந்த டேவிட் ரியூ. வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருமே டெமாக்ரட் கட்சி. வாக்குச்சீட்டில் அது இருக்காது; பெயர் இருக்கும், கீழே என்ன தொழில் என்று இருக்கும், அவ்வளவுதான். ஆகவே யாருக்கு யார் ஆதரவு என்றுதான் ஜனங்கள் பார்க்கிறார்கள். ஹிலாரி கிளின்டன் ரியூவின் பக்கம், பெர்னி சாண்டர்ஸ் நித்யாவின் பக்கம். ஒரு வார்டு தேர்தலுக்கு இத்தனை பெரிய ஆட்களா என்று எனக்கு ஆச்சரியம்!

மார்ச் முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் விழவில்லை. முதல் இருவரும் நவம்பரில் அதிபர் தேர்தல் அன்றே மோதினார்கள். முன்பெல்லாம் நகரத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டில் தனியாக நடக்கும், ஓட்டுப் போட ஆள் வராது. 2015இல் நகரச் சாசனத்தை, அதாவது நகர ஆட்சிக்கான அடிப்படைச் சட்டத்தைத் திருத்தி, 2020இலிருந்து பெரிய தேர்தலோடு சேர்த்துவிட்டார்கள்.

வாக்குச்சீட்டு தபாலிலேயே வந்தது. மகள் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். அதிபர், நீதிபதிகள், மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் பிரேரணைகள் மாநிலத்துக்கு மட்டும் 12, கவுன்சிலர் எங்கோ கீழே. மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தாள். 1994 ஏப்ரலில், நம் நாட்டில் எல்லா இனத்தாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலில், வெயிலில் நாள் முழுக்க வரிசையில் நின்று, இரண்டு சீட்டில் இரண்டு பெருக்கல் குறி போட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவன் நான். டீயைக் குடித்தபடி ஓட்டுப் போடுகிறாளே என்று எனக்கு என்னமோ போல் இருந்தது. உறையில் கையெழுத்துப் போட்டு, நடந்துபோய்த் தெருமுனைப் பெட்டியில் போட்டோம். பேரனைத் தூக்கிக்கொண்டு போனது நான்.

நித்யாவுக்கு ஏறத்தாழ 53 சதவீதம். பதவியில் இருந்த கவுன்சிலர் ஒருவர் அந்த ஊரில் தோற்றது 17 வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்றார்கள்.

ஜோபர்க்வாசி:
டீச்சர், அந்த 15 என்ற கணக்கு 1925 சாசனத்தில் வந்தது. 1920 கணக்கெடுப்பில் அந்த ஊரில் 5.77 லட்சம் பேர்தான். ஊர் வீங்கிவிட்டது, நாற்காலி மட்டும் கூடவில்லை. சிகாகோவில் 50 பேர், நியூயார்க்கில் 51 பேர். நான் பிறந்த சென்னையில் 200 வார்டு. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கவுன்சிலருக்கு 2.6 லட்சம் பேர், வருஷச் சம்பளம் 2 லட்சம் டாலருக்கு மேல். தன் தொகுதியில் எங்கே கட்டடம் எழும்பலாம் என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம், குறுநில மன்னர் மாதிரி. தொகுதி எல்லையை யாருக்குச் சாதகமாக வளைக்கலாம் என்று உறுப்பினர்கள் சிலர் ரகசியமாகப் பேசிய ஒலிப்பதிவு 2022 அக்டோபரில் வெளியாகி, மன்றத் தலைவரே பதவி விலகினார். இனி எல்லை போடும் வேலையைத் தனிக் குழுவிடம் விடுவது என்று 2024 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்.

சாட்ஸ்வர்த் டீச்சர்:
ரொம்ப நன்றி தம்பி, அண்ணாவுக்கும் நன்றி. மகன் விஷயத்தை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்களே?

டோங்காட் தாத்தா:
ஞாபகம் இருக்கிறது டீச்சர், கை வலிக்கிறது என்று நிறுத்தியிருந்தேன். கவுன்சிலர் தேர்தலில் அவனுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அதற்குக் கீழே 99 அக்கம்பக்க மன்றங்கள் இருக்கின்றன. அங்கே குடியிருந்தாலோ வேலை பார்த்தாலோ போதும், ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கவும் நிற்கலாம். குடியுரிமை கேட்பதில்லை. அவர்கள் யோசனைதான் சொல்லலாம், உத்தரவு போட முடியாது. தெருவிளக்குக்கு அதெல்லாம் எதற்கு? நகராட்சியின் புகார் எண் 311க்குப் போன் போடச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் டீச்சர்:
311, எழுதி வைத்துக்கொண்டேன். சரி அண்ணா, அந்தப் பேரன் தமிழ் பேசுகிறானா?