நாய்க்குப் புதுப் பூனைக்குட்டியில பொறாமை: எப்படிப் பழக்கிறது?

உப்புவெளி_தம்பி:
வணக்கம். திருகோணமலை உப்புவெளியில இருக்கிறம். வீட்டில ஐந்து வயசுக் கடுவன் நாய், ஊர்ச்சாதியும் லாப்ரடோரும் கலந்தது, 22 கிலோ வரும். பகலில விறாந்தைத் தூணில சங்கிலியோட கட்டி இருக்கும், இரவில வளவுக்குள்ள அவிட்டு விடுவம். போன கிழமை இரண்டு மாதப் பூனைக்குட்டி ஒண்டு வீட்டுக்கு வந்தது. அதிலயிருந்து நாயின்ர குணம் மாறிட்டுது. குட்டியை மடியில வைச்சால் இடையில தலையைப் புகுத்தித் தள்ளுது. குட்டி அசைஞ்சால் உறுமுது. குட்டி படுக்கிற துணியில போய் மூத்திரம் பெய்தது. சோத்தையும் பாதியில விடுது. ரெண்டையும் ஒரே அறைக்குள்ள விட்டால் தானாப் பழகிடும் எண்டு சிலர் சொல்லினம். அம்மா குட்டியை யாருக்கும் குடுத்திடச் சொல்றா. பழைய வீடு, அறைச்சுவர் கூரைவரை இல்லை, மேல திறந்துதான் இருக்கு. ரெண்டையும் வைச்சிருக்க வழி இருக்கா? எவ்வளவு காலம் எடுக்கும்?

கடற்கரை_வீதி:
தம்பி, ஒரே அறைக்குள்ள விடுற கதையை முதல்ல மறந்திடுங்கோ. இரண்டு மாதக் குட்டி ஒரு கிலோ கூட வராது. நாய் கடிக்கவே தேவையில்லை, முன்னங்காலால ஒருக்கா அமத்தினால் காணும். அல்லது குட்டி பயத்தில சீறி நாயின்ர கண்ணைக் கீறும், கருவிழியில புண் வந்தால் லேசில ஆறாது. எது நடந்தாலும் அந்தப் பயத்தை எடுக்க மாதக்கணக்காகும்.

நாய்க்குப் பொறாமை வருமா எண்டு கனபேர் கேக்கிறவை. 2014 இல கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில 36 நாய்களை வைச்சுப் பார்த்தவை. வளர்க்கிற ஆள் குரைச்சு வாலாட்டுற பொம்மை நாயைக் கொஞ்சேக்க, நாய்கள் இடையில புகுந்து ஆளைத் தள்ளினது, புத்தகம் வாசிக்கேக்க தள்ளினதைவிடக் கனக்கக் கூட. உங்கட நாய் செய்யிறதும் இதுதான். அது குட்டியை வெறுக்கேல்லை, உங்களைப் பறிகுடுக்கப் பயப்படுது.

இந்தப் பயத்தை வளர்த்துவிடுறது பெரும்பாலும் வீட்டு ஆக்கள்தான். குட்டி மடியில இருக்கேக்க நாய் கிட்ட வந்தால் "போ அங்கால" எண்டு அதட்டுறது. குட்டி நித்திரையானதும், பாவம் எண்டு நாயைக் கூப்பிட்டுத் தடவி பிஸ்கட் குடுக்கிறது. நல்ல மனசோடதான் செய்யினம். ஆனால் நாய் படிக்கிற பாடம் வேற: குட்டி இருந்தால் ஏச்சு, குட்டி போனால் கொண்டாட்டம். பிறகு அது குட்டியைத் துரத்தப் பார்க்காமல் என்ன செய்யும்? இதை அப்படியே மாத்திப் போடுங்கோ. இறைச்சித்துண்டு, தடவல், செல்லக்கதை எல்லாம் குட்டி கண்ணில படுற நேரத்தில மட்டும். குட்டி மறைஞ்ச உடனே நீங்களும் உங்கட வேலையைப் பாருங்கோ. நடத்திறது, சோறு வைக்கிறது மட்டும் வழமையான நேரத்துக்கு அப்படியே நடக்கோணும்.

முதல் நாலைந்து நாள் ஒண்டை ஒண்டு காணவே வேண்டாம், மணம் மட்டும் போகட்டும். பழைய துவாயால குட்டியின்ர கன்னத்தையும் முதுகையும் துடைச்சு, நாயின்ர சோத்துக் கோப்பையில இருந்து மூன்றடி தள்ளிப் போடுங்கோ. கோப்பைக்குக் கீழ வைக்கக் கூடாது. மோந்துபோட்டுத் திரும்பினால் ஒரு துண்டு இறைச்சி. துவாயைக் கவ்வி உதறினால் இன்னும் தூரமா வைக்கோணும். நாயின்ர மணம் பிடிச்ச துணியைக் குட்டிக்கும் இதே மாதிரிக் காட்டுங்கோ. கூடவே, மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் ஆறடி தள்ளிச் சாப்பாடு வையுங்கோ. நாய் தலை நிமிர்த்தாமல் சாப்பிட்டு முடிச்சால் அடுத்த வேளை ஓரடி கிட்ட. இடையில நிறுத்திக் கதவைப் பார்த்தால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போங்கோ.

அதுக்குப் பிறகுதான் அறைக் கதவு நிலையில ஒரு வலைத்தட்டி அடிச்சு, அதுக்கு இங்கால நிண்டு பார்க்கிறது. உப்பு, தூள் போடாமல் அவிச்ச கோழி நெஞ்சிறைச்சியைக் கடலை அளவில வெட்டி வையுங்கோ. ஒரு தரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம், சாப்பாட்டுக்கு முன்னால. குடுக்கிற இறைச்சியின்ர அளவுக்குச் சோத்தைக் குறையுங்கோ. நாய் குட்டியைப் பார்க்குதா, அந்த நொடியே பேரைச் சொல்லி ஒரு துண்டு. சில நாளில, குட்டியைப் பார்த்துட்டு நீங்க கூப்பிட முதலே உங்கட முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அது வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அது வராமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீங்கோ.

நேரத்தையும் கவனியுங்கோ. காலமை ஏழு மணிக்குள்ள அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. எங்கட ஊர் மத்தியான வெக்கையில, கச்சான் காத்து அடிக்கிற நாளில எண்டால் இன்னும் மோசம், நாய் இளைக்கிறது சூட்டிலயா பதட்டத்திலயா எண்டு கண்டுபிடிக்கேலாது. கோயில் வெடி போடுற நாளும், மாரியில இடி முழங்கிற நாளும் பழக்கவே வேண்டாம்.

உறுமினால் அடிக்காதீங்கோ, அதட்டாதீங்கோ. உறுமல் "தள்ளிப் போ" எண்ட எச்சரிக்கை. அதை அடிச்சு நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். ஒண்டும் பேசாமல் தூரத்தைக் கூட்டுங்கோ.

வேப்பமர_நிழல்:
மேல சொன்னது அத்தனையும் சரி. ஆனா சங்கிலியைப் பத்தி யாரும் கதைக்கேல்ல. கட்டின நாய்க்கு முன்னால குட்டி எட்டாத தூரத்தில ஓடித் திரிஞ்சா நாய்க்கு வெறி ஏறிக்கொண்டே போகும். பகல் முழுக்க அப்படி இருந்திட்டு இரவில அவிட்டா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. பழக்கிற நேரம் சங்கிலி வேண்டாம். நெஞ்சுப்பட்டி போட்டு ஆறடிக் கயிறு, கயிறு தொய்ஞ்சு கிடக்கோணும். இறுக்கிப் பிடிச்சா "ஏதோ ஆபத்து" எண்டு நாய்க்கு நீங்களே சொல்றதா முடியும்.

வலைத்தட்டி செய்யிறது ஒரு பின்னேர வேலை. இரண்டுக்கு ஒண்டு இஞ்சி மரச்சட்டம், அரை இஞ்சிக் கண் வெல்ட் மெஷ் (பத்தவைச்ச கம்பிவலை), யூ ஆணி. நுளம்பு வலை அடிக்காதீங்க, 22 கிலோ நாய் ஒரு பிறாண்டலில கிழிச்சிடும். கோழிக்கூட்டு வலையின்ர பெரிய கண்ணுக்குள்ளால குட்டி கையை நீட்டும், நாய் கவ்வும். நிலையின்ர முழு உயரத்துக்கும் அடியுங்க, அரைத்தட்டி எண்டா குட்டி வலையிலயே ஏறி மற்றப் பக்கம் குதிச்சிடும். கீழ இடைவெளி ஒரு இஞ்சிக்கு மேல வரக்கூடாது. வெட்டின கம்பி முனைகளை மடிச்சுச் சட்டத்துக்குள்ள விடுங்க. முதல் இரண்டு நாள் கீழ்ப்பாதியில பழைய சாரம் ஒண்டைக் கட்டி, பிறகு நாளுக்குக் கொஞ்சமா உயர்த்துங்க.

மேல திறந்த சுவர்தான் உங்கட வீட்டுப் பெரிய சிக்கல். இப்ப குட்டி ஏறாது. இன்னும் ஒரு மாதத்தில திரைச்சீலையில தொங்கி அலுமாரியில ஏறி, அங்கயிருந்து சுவர். அலுமாரியை நாலடி தள்ளி வையுங்க, திரைச்சீலையை மேல முடிஞ்சு விடுங்க. அதே நேரம் ஹோலில நாலைந்து அடி உயரத்தில ஒரு தட்டு அடிச்சுக் குடுங்க. மேல ஓட இடம் இருக்கிற பூனை நாயைக் கண்டு தரையில ஓடாது. ஓடாத பூனையை நாய் துரத்திறது குறைவு.

குட்டியைக் கூட்டில போட்டு நடு ஹோலில வைக்கச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க. குட்டிக்குத் தப்ப வழியில்ல. நாய் சுத்திச் சுத்தி வந்து முறைச்சுப் பார்க்கப் பழகுமே தவிர வேற ஒண்டும் படிக்காது.

பீ மண் பேசினை நாய் எட்டாத இடத்தில வையுங்க. நாய்க்குப் பூனைப் பீ நல்ல ருசி, பூச்சி அதோடதான் வரும். கடல் மணல் போடுறதெண்டா உப்புப் போகக் கழுவிக் காயவைச்சுப் போடுங்க.

உப்புவெளி_தம்பி:
ரெண்டு பேருக்கும் நன்றி. தட்டி அடிக்கத் தொடங்கிட்டன். ரெண்டு கேள்வி. சில நேரம் உறுமாமல், அசையாமல் நிண்டு குட்டியையே பார்க்குது, அது நல்லமா? மற்றது, நாய்க்கு உண்ணி மருந்து போடுற நாள் வருது. குட்டியிலயும் தெள்ளு இருக்கு, அதே மருந்தில ஒரு துளி அதுக்கும் போடலாமா?

பாலையூற்று_அக்கா:
தம்பி, அந்த மருந்தைக் குட்டிக்குக் கிட்டக் கொண்டு போகாதீங்க! நாய்க்கு முதுகில விடுற சில உண்ணி மருந்துகளில பெர்மெத்ரின் இருக்கு. நாய்க்கு ஒண்டும் செய்யாது, பூனையின்ர ஈரலால அதை உடைச்சு வெளியேத்த ஏலாது. நடுக்கம், வலிப்பு வந்து சாகும். ஒரு துளி கூட அந்தக் குட்டிக்குக் கனக்க. நாயில போட்டாலும், குட்டி அதில உரசி நக்கினால் அதே கதிதான். உறையில பெர்மெத்ரின் எண்டு இருந்தால், போட்ட பிறகு மூன்று நாள் ரெண்டையும் கிட்ட விடாதீங்க, முடிஞ்சால் மருந்தையே மாத்துங்க. அமிட்ராஸ் கலந்து கழுவுறதும் பூனைக்கு ஆகாது. குட்டியின்ர தெள்ளுக்குக் கால்நடை வைத்தியரிட்ட குட்டியை நிறுத்து அதுக்கேத்த மருந்து கேளுங்க. அதுவரை தெள்ளுச் சீப்பால வாரி, சவுக்காரத் தண்ணியில தட்டிவிட்டால் காணும்.

மூத்திரம் பட்ட இடத்தை டெற்றோல் ஊத்திக் கழுவினீங்களா? அந்த வகைக் கிருமிநாசினி பூனைக்கு நஞ்சு. தரையில நடந்து காலை நக்கினாலே உள்ள போகும். சவுக்காரம் போட்டுக் கழுவி, வினாகிரியும் தண்ணியும் சரிக்குச் சரி கலந்து துடைச்சு வெயில்ல காயவிடுங்க. அடிபட்ட குட்டிக்கு நோ எண்டு பரசிற்றமோல் குடுக்கிற ஆக்களும் இருக்கினம், அதுவும் கொல்லும்.

நீங்க எழுதினதில ஒண்டு எனக்கு இடிக்குது. நாய் சோத்தைப் பாதியில விடுது எண்டீங்க. அதையும் பொறாமைக் கணக்கில சேர்க்காதீங்க. எங்கட பக்கம் உண்ணிக் காய்ச்சல் நிறைய. நோ, காய்ச்சலோட இருக்கிற நாய்க்குக் குட்டி கிட்ட வந்தாலே எரிச்சல் வரும். மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்க, வெளிறி இருக்கா? விரலால அமத்தி விட்டால் இரண்டு செக்கனுக்குள்ள சிவப்பு திரும்போணும். எழும்பேக்க காலைத் தாங்குதா? ஆசனவாயில வெப்பமானி வைச்சால் நாய்க்கு 38.3 இல இருந்து 39.2 பாகை சாதாரணம். 39.5 தாண்டினால், அல்லது இரண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடாட்டி, பழக்கிறதை நிறுத்திப்போட்டு இரத்தம் சோதியுங்க.

விசர் ஊசி நாய்க்கு வருஷா வருஷம் போட்டிருக்கோணும். சுகாதாரப் பகுதி இலவசமாப் போடுது. குட்டிக்கும் வயசு வந்ததும் போடுங்க. இடையில பூந்து யாராவது கடியோ கீறலோ வாங்கினால், ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டு நாய்தானே எண்டு விடாதீங்க.

கடற்கரை_வீதி:
அசையாமல் நிண்டு பார்க்கிறதுக்கு என்ர பதில்: அது நல்லமில்லை. உறுமுற நாயோட பேசித் தீர்க்கலாம், சத்தமில்லாமல் முறைக்கிற நாயைத்தான் கூடக் கவனிக்கோணும். வாயைப் பாருங்கோ. நாக்கைத் தொங்கவிட்டு இளைச்சுக்கொண்டு நிண்ட நாய் டக்கெண்டு வாயை மூடும். காது முன்னுக்கு வரும், கழுத்து நீளும், வால் அசையாது. அந்த இடத்தில உடனே கூப்பிட்டுத் திருப்போணும், கொஞ்சம் பிந்தினாலும் காதில விழாது. திரும்பினால் தூரத்தைக் கூட்டித் தொடரலாம். பேரைக் கூப்பிட்டும் மூக்குக்கு முன்னால இறைச்சியைக் காட்டியும் திரும்பாமல், உடம்பைப் பணிச்சு நடுங்கிக்கொண்டு பார்த்தால் அது பொறாமையில்லை, வேட்டைக் குணம். அப்படி நாளுக்கு நாள் கூடினால் அம்மா சொல்றதையும் யோசிக்கத்தான் வேணும். குட்டிக்கு நல்ல வீடு தேடிக் குடுக்கிறது தோல்வியில்லை.

சாம்பல்தீவு_வளவு:
இடையில கேக்கிறன், குறை நினைக்காதீங்க. எங்கட வீட்டில ஆறு வயசுப் பெட்டை நாய். மூன்று மாத நாய்க்குட்டி எடுக்க யோசிக்கிறம். இதே முறைதானா?

வேப்பமர_நிழல்:
கடுவன் குட்டியா எடுங்க. ஒரே வீட்டில ரெண்டு பெட்டை பிடிபட்டா அந்தச் சண்டை லேசில அடங்காது.

நாய்க்கு நாய் எண்டா முதல் சந்திப்பு உங்கட கேற்றுக்கு வெளியில. ரெண்டு பேர் ரெண்டு கயிறு, பத்துப் பதினைந்து அடி இடைவெளியில ஒரே திசையில நடந்து, கொஞ்சங் கொஞ்சமாக் கிட்ட வாறது, பிறகு சேர்ந்து வளவுக்குள்ள போறது. ஆனா மூன்று மாதக் குட்டிக்கு ஊசி முடிஞ்சிருக்காது. தெருநாய் திரியிற கடற்கரையிலயோ ஒழுங்கையிலயோ இறக்கினா பார்வோ எண்ட வயித்தோட்ட வைரசு நோய் பிடிக்கும், அந்தக் கிருமி மண்ணில மாதக்கணக்கில கிடக்கும். அதால நாய் இல்லாத, வேலியடைச்ச பக்கத்து வளவு ஒண்டைக் கேட்டு வாங்குங்க. பெரிசானாலும் கோட்டைப் பக்கம் பழக்கக் கொண்டு போகாதீங்க, அங்க மான் நிற்கும், மானைக் கண்ட நாய்க்கு வேற ஒண்டும் ஏறாது.

எங்க பிறந்த குட்டி எண்டு தெரியாட்டி இரண்டு கிழமை தனிய வையுங்க. அந்த இடத்தைக் கழுவி, ஒரு பங்கு குளோரின் திரவத்துக்கு (வீட்டுப் பாவனை பிளீச்) முப்பது பங்கு தண்ணி கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்க. கோப்பை வேற, இடம் வேற. எலும்பு வீட்டுக்குள்ள வரவே கூடாது. பெரியது குட்டியை ஒருக்கா உறுமி விலக்கினா பரவாயில்ல, அது பெரியாக்கள் சொல்ற புத்தி. குட்டி விலகின பிறகும் விடாமல் அமத்தினா மட்டும் நீங்க நடுவில போங்க.

உப்புவெளி_தம்பி:
அக்கா, காய்ச்சல் பார்த்தன், 39.8. நாளைக் காலமை கொண்டு போறம். உண்ணி மருந்து போடேல்லை. இரவில என்ன செய்யிறது?

பாலையூற்று_அக்கா:
தண்ணி கிட்ட வையுங்க, மனிசருக்குக் குடுக்கிற காய்ச்சல் குளிசை ஒண்டும் நாய்க்கும் வேண்டாம். இரத்தம் எடுக்கேக்க தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்க. உண்ணிக் காய்ச்சல் எண்டால் மருந்து வழமையா நாலு கிழமை போகும். குணம் தெரிஞ்சிட்டுது எண்டு இடையில நிப்பாட்டாதீங்க.

கடற்கரை_வீதி:
இரவில வழமை போல வளவுக்குள்ள படுக்கட்டும், ஆனால் குட்டியின்ர அறை யன்னலுக்கும் கதவுக்கும் உள்தாழ்ப்பாள். மின்விசிறியைப் போட்டு விடுங்கோ, மூடின அறை வெக்கை குட்டிக்கும் ஆகாது. நாய் திரும்பப் பசியோட சாப்பிடத் தொடங்கும்வரை பழக்கிறதை நிறுத்தி வையுங்கோ, பிறகு துவாயில இருந்து தொடங்குங்கோ. வலையில்லாமல் ஒரே ஹோலில இருக்க நாலு தொடக்கம் எட்டுக் கிழமை எடுக்கும், சில நாய்க்கு மூன்று மாதமும் எடுக்கும். முதல் நாட்களில கயிறு நாயின்ர நெஞ்சுப்பட்டியிலயே தரையில இழுபட்டுக்கொண்டு கிடக்கட்டும், தேவைப்பட்டால் கயிற்றில கால் வைச்சால் காணும். ஒரு உறுமலும் முறைப்பும் இல்லாமல் முழுசா ஒரு மாதம் போகும்வரை, கடைக்குப் போற பத்து நிமிஷத்துக்கும் தட்டியைப் பூட்டிட்டுப் போங்கோ.